ழகரத்துக்கு மூன்று வாய்ப்பு

தமிழுக்கு இனி அழிவில்லை, அதற்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன்... உரையை இப்படித்தான் தொடங்க வேண்டும், பிறகு கொஞ்சம் நிறுத்தி கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று பேராசிரியர் நூர்தீன் நினைத்துக்கொண்டிருந்தபோது, ரயில் சைனாடவுனைத் தாண்டியது, கைப்பேசி அதிர்ந்தது. இறுதி அறிவிப்பு. உங்கள் மெய்நிகர் இயந்திரம் இன்று மாலை ஐந்து மணிக்கு நீக்கப்படும். எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்... பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் மாணவர் குழு ஒன்று இலவசமாகத் தரும் கணினி இடம் அது, அவருடைய தமிழ் ஒலிக் களஞ்சியம் குடியிருப்பது அங்கே, மேடையில் மட்டும் ‘நமது கட்டமைப்பு’, இன்னும் பயன்படுத்துகிறீர்களா என்று ஐந்து முறை கேட்டிருக்கிறார்கள், ஐந்தையும் விளம்பரம் என்று தள்ளியது யார்? பரவாயில்லை, நாலு நாற்பதுதானே, இயந்திரத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினால் பிழைத்துவிடும், மூன்று வாய்ப்பு. பெயர் தெரியாதா, தமிழி, எத்தனை மேடையில் முழங்கியது... ஆனால் ழகரத்துக்கு என்ன போட்டோம், இசட் எச்சா, வெறும் எல்லா? இசட் எச் போட்டார். தவறு. கிளார்க் கீ நிலையம் வந்தது, போனது. எல் போட்டார். தவறு.

சுரங்கம் ஏன் இவ்வளவு நீளம்... ஆய்வு மாணவி கவிப்ரியாவின் உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, செம்பவாங்கில் நூற்றுப்பத்துப் பேரிடம் அவள் எடுத்த ஒலிப்பதிவு, அதில் பதினான்கு பேர் இப்போது உயிரோடு இல்லை, அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தனியாக ஒரு பிரதி வச்சுக்கட்டுமா சார் என்று கேட்டாளே, களஞ்சியத்தின் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டது யார்? அவர் முன்னாலேயே மடிக்கணினியிலிருந்து அழித்துக் காட்டினாள். இப்போது அவளிடமிருந்தே செய்தி, முன்வரிசை நிரம்பிவிட்டதாம். லிட்டில் இந்தியாவில் இறங்கி, மல்லிகை வாசத்துக்குள் நின்று, டி-க்குப் பின்னால் ஒரு எச் சேர்த்தார். தவறு. பூட்டப்பட்டது.

அறிவிப்பின் அடியில் இருந்த எண்ணை அழைத்தார். எடுத்தவன் ஷாஹித், குழுவின் மாணவன், போன வருடம் இவர் ‘பொடியன்கள்’ என்று சொன்ன கூட்டத்தில் ஒருவன்.

“அஞ்சு மணிக்கு அழிக்கிற புரோகிராம் தானா ஓடிடும் சார். நிறுத்துற பாஸ்வேர்ட் வச்சிருக்கறவரு ஆர்மி ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போயிருக்காரு லா, கேம்ப்ல போன் எடுக்க மாட்டாரு.”

மண்டபத்துக்குள் அவர் பெயரை அறிவித்துவிட்டார்கள், கவிப்ரியா எழுந்து நின்று கைதட்டினாள், நாலு ஐம்பத்தெட்டு.

“தமிழின்னு ஒரு மெஷினே இல்லையே சார். உங்க பேர்ல ஒண்ணுதான் இருக்கு.”

என்ன பெயர் என்று கேட்டார்.

டெஸ்ட்2.