அக்காவுக்காக ஒரு மேஜர்

மூன்றாவது தடவையும் பாட்டு அழுதது. அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டாள். ஆபரேஷன் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. பழைய உயரம் எட்டவில்லை. கொஞ்சம் கீழே இறக்கி வாசிக்கச் சொன்னாள், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற எனக்குக் கீபோர்டில் தெரிந்தது துள்ளல் பாட்டுக்கான ஒரே ஸ்வர வரிசை, ஒரே மேஜர், சி மேஜர். அதில் எல்லாமே வெள்ளைக் கட்டை. ஒவ்வொன்றின் மேலும் எழுத்து ஸ்டிக்கர்கூட ஒட்டி வைத்திருக்கிறேன். சுருதி மாற்றும் பட்டன் எப்போதோ செத்துவிட்டது. அதனால் சி-யிலிருந்து இரண்டு வெள்ளைக் கட்டை கீழே இறங்கி, ஏ-யில் ஆரம்பித்து, வெள்ளையிலேயே வாசித்தேன். துள்ள வேண்டிய பாட்டு இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு மண்டை காய்ந்தது.

"உன் மேல தப்பில்லடா," என்றாள் அக்கா. "என் குரல்தான் போச்சு. மூடி வச்சிரு. இனிமே நான் பாடல."

சமையலறைக்குப் போய்விட்டாள். கீபோர்டைத் தூக்கி வீசலாம் போலிருந்தது. மேஜர் என்பது கட்டையின் நிறமில்லை, கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று வீடியோவில் ஒரு வாத்தியார் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருந்தேன். மண்டையில் ஏறினால்தானே.

கோபத்தோடு குனிந்து பார்த்தேன். சி-யிலிருந்து மூன்றாவது ஸ்வரத்துக்குப் போகும் வழியில் இரண்டு கறுப்புக் கட்டை. ஏ-யிலிருந்து போனால் ஒன்றுதான். ஒரு படியை விழுங்கியிருக்கிறேன். பாட்டு அங்கேதான் அழுதிருக்கிறது. பழி அவள் தொண்டைமேல்.

மூன்றாவது ஸ்வரத்துக்கு வெள்ளையை விட்டு, அதற்கு அடுத்த கறுப்பை அழுத்தினேன். முதல் வரி சிரித்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மேலே வாசித்துக்கொண்டு போனேன். அடுத்த வரியின் உச்சியில் கை பழக்கதோஷத்தில் வெள்ளையில் விழுந்தது. மறுபடியும் அழுகை. சே.

"ம்ஹும்," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. பிறகு சரியான ஸ்வரத்தைத் தானே பிடித்து, கரகரத்த குரலில் விடாமல் இழுத்தாள். ஸ்டிக்கர் இல்லாத கறுப்புக் கட்டைகளின் மேல் என் விரல் அந்தக் குரலைத் தேடிப் போனது.