நாற்பது நாற்பதாக

வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'எங்க பக்கம் சரி.' வைத்தவர் என் வீட்டுக்காரர். சமையலில் உப்பு கூடிவிட்டால் அது சாப்பிடுகிறவர் நாக்கின் கோளாறு என்றும், சாவி தொலைந்தால் அது கொக்கியின் குற்றம் என்றும் நான் சாதிப்பதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் முக்கால்வாசி உண்மைதான். ஆனால் வீட்டில் வாயால் சொல்வதை அலுவலகத்தில் மெயிலில் எழுதுவேன் என்பதும், எழுதியது அப்படியே நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்கே போன வாரம்தான் உறைத்தது.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். பதினொரு பேர். நாள் முழுக்க ரப்பர் வாசனை. ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே ஒரு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஸ்கேன் மெஷின் உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கும். எங்கள் புரோகிராம் அந்தப் படங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய டாக்டருக்கு அனுப்பும். சேர்த்துக் கட்டும் பகுதி என்னுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதினேன். அதன் தலைமாட்டில், "நன்றாக வேலை செய்கிறது. யாரும் தொட வேண்டாம்" என்றும் எழுதி வைத்தேன். யாரும் தொடவில்லை. என் கோபம் அலுவலகத்தில் பிரசித்தம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் முதலாளி எங்கள் அலுவலக மாடிப்படியில் வழுக்கி விழுந்து முட்டியை ஸ்கேன் எடுத்தார். இருபத்துநாலு படம். சும்மா கிடைக்கிறதே என்று அதையே சோதனைக்கு வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து புதிதாக எதைச் செய்தாலும், "முதலாளி முட்டியைப் போட்டுப் பாத்தியா?" என்பதுதான் கேள்வி. அந்த முட்டியை அவர் மனைவியைவிட நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். கண் இமைப்பதற்குள் போய்விடும். போனால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

ஸ்கேன்காரரை நான் நேரில் பார்த்ததில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் மெஷினை இயக்குகிறவர். ஏழு மாதத்துக்கு முன் அங்கே பழைய மெஷினை மாற்றிப் புதிது வாங்கினார்கள். அதிலிருந்து அவர் போன் செய்ய ஆரம்பித்தார்.

"மேடம், தலை ஸ்கேன் போக பதினோரு நிமிஷம் ஆகுது. அஞ்சு நிமிஷத்துக்குள்ள போகணும்னு இங்க ரூல்."

நான் உடனே முட்டியைப் போட்டுப் பார்த்தேன். அரை செகண்டு.

"எங்க பக்கம் சரியாத்தான் இருக்குங்க. உங்க இன்டர்நெட் லைனைப் பாருங்க," என்றேன். அதையே மெயிலிலும் எழுதினேன்.

அவர்கள் லைனைப் பார்த்தார்கள். பிறகு லைனையே மாற்றினார்கள். கேபிளை மாற்றினார்கள். பதினோரு நிமிடம் பதினோரு நிமிடமாகவே இருந்தது. மாதம் ஒரு தடவை அவர் மெயில் அனுப்புவார், மாதம் ஒரு தடவை நானும் அதே பதிலை அனுப்புவேன். அவர்கள் திரையிலும் அந்தப் பதினோரு நிமிடமும் 'அனுப்பப்படுகிறது' என்றே காட்டிக்கொண்டிருந்ததால், கோளாறு அனுப்புகிற லைனில்தான் என்று நான் மனதார நம்பினேன்.

இரண்டாவது மாதமோ என்னவோ, அவர் ஒன்று சொன்னார்.

"மேடம், நாப்பது நாப்பதா பிரிச்சு அனுப்பினா சட்டுன்னு போகுது. மொத்தமா அனுப்பினாத்தான் இழுக்குது. ஏன்னு பாக்க முடியுமா?"

"அதைத்தானே நானும் சொல்றேன். உங்க லைன் தாங்கலைங்க. கொஞ்சமா போனா தாங்குது."

சொல்லிவிட்டு நம்மைப் போல் புத்திசாலி உண்டா என்று வேறு நினைத்துக்கொண்டேன். அவர் "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். நாற்பது நாற்பதாக அனுப்பியும் பார்த்திருக்கிறார். "ஒரு தலையை இருபத்துமூணு துண்டா அனுப்புறியா?" என்று பெரிய டாக்டர் கத்தியதும் அதையும் நிறுத்திவிட்டார்.

போன திங்கட்கிழமை மறுபடி அவர் போன். குறை எதுவும் சொல்லவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"மேடம், எனக்கு மெமோ கொடுத்திருக்காங்க. மெஷின் புதுசு, லைன் புதுசு, உங்க கம்பெனியும் தப்பில்லைன்னு எழுதிக் கொடுத்தாச்சு, அப்ப உன் சோம்பேறித்தனம்தானேன்னு கேக்குறாங்க. உங்க ஏழு மெயிலையும் மெமோவோட சேத்துக் கட்டியிருக்காங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. வேற ஊருக்கு மாத்துறதா ஆர்டர் ரெடியா இருக்கு."

"எவ்வளவு தூரம்?" என்றேன்.

"நாலு மணி நேரம். தூரம் பரவால்லைங்க. எங்க அக்கா என்கூட இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் இதே ஆஸ்பத்திரியில அதுக்கு டயாலிசிஸ். நான்தான் காலையில தூக்கிட்டு வந்து படுக்க வெச்சுட்டு வேலைக்குப் போவேன். அங்க அந்த மெஷின் இல்லை." பிறகு கேட்டார். "நான் நேரம் குறிச்சு வெச்ச நோட்டு ஒண்ணு இருக்கு. இங்க யாருக்கும் புரியல. நீங்க ஒரு தடவை பாக்குறீங்களா?"

போட்டோ அனுப்பினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் அதைத் திறக்கவில்லை. பாவமாக இருந்தது. கூடவே, நான் எழுதியதை வைத்து யாரோ யாரையோ தண்டித்தால் அதற்கு நான் என்ன செய்ய என்று எரிச்சலும் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சமையலறை விளக்கு போய்விட்டது. வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஊர் வீட்டு விளக்கெல்லாம் எரியும், எங்கள் வீட்டு விளக்குக்கு நான் ஒரு வாரம் கெஞ்ச வேண்டும். அன்று அதிசயமாக உடனே ஸ்டூலில் ஏறினார். வெளிச்சம் காட்ட என் போனை வாங்கினார். இறங்கும்போது கை பட்டு ஸ்கேன்காரரின் போட்டோ திறந்துகொண்டது.

"யாரு கையெழுத்து இது? முத்து முத்தா இருக்கே," என்று சத்தமாகப் படித்தார். "நூறு படம், எட்டு செகண்டு. இருநூறு படம், முப்பத்துமூணு செகண்டு. நானூறு படம், ரெண்டு நிமிஷம் பதினொண்ணு. எண்ணூறு படம், எட்டு நிமிஷம் நாப்பத்தஞ்சு."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். படம் இரட்டிப்பானால் நேரம் நாலு மடங்கு. ஒவ்வொரு வரியிலும் நாலு மடங்கு. எந்த லைனும் அப்படி நடந்துகொள்ளாது. இரண்டு பங்கு சாமான் ஏற்றினால் வண்டிக்கு இரண்டு பங்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நாலு மடங்கு என்பது வேறு வியாதி. புரோகிராம் எழுதுகிற எவருக்கும் அது பார்த்தவுடன் தெரியும். பார்த்திருந்தால்.

"என்னாச்சு, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றார்.

"என் தப்புங்க," என்றேன்.

கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் அவர் கேட்காத வார்த்தை. கிண்டல் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். செய்யவில்லை. ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "சரி பண்ண முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் என் பழைய எழுத்தைத் திறந்தேன். குற்றம் மூன்றாவது வரியிலேயே உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு ஒரு படம் என்பது பைட்டுகள் என்கிற சின்னச் சின்ன எண்களின் நீண்ட வரிசை. ஒரு வரிசையை இவ்வளவு நீளம் என்று உண்டாக்கிவிட்டால் பிறகு அதை இழுத்து நீட்ட முடியாது. நான் என்ன செய்திருந்தேன் என்றால், ஒவ்வொரு படம் வரும்போதும் ஒரு படம் கூடுதலாகப் பிடிக்கிற புது வரிசை ஒன்றை உண்டாக்கி, பழைய வரிசையில் இருந்த அத்தனையையும் அதில் பிரதி எடுத்து, கடைசியில் புதுப் படத்தை ஒட்டியிருந்தேன். பிள்ளை பிறக்கும் ஒவ்வொரு முறையும் புது வீடு பார்த்து, பாத்திரம் பண்டம் கட்டில் பீரோ எல்லாவற்றையும் சுமந்துகொண்டு குடிபோகிற குடும்பம் மாதிரி. ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்றால் சமாளிக்கலாம். பழைய மெஷின் ஒரு தலைக்கு நாற்பது படம்தான் எடுத்தது. புது மெஷின் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு எடுக்கிறது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு தடவை வீடு மாறிக்கொண்டிருந்தது அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர். முதலாளி முட்டியோ இருபத்துநாலிலேயே நின்றுவிட்ட சின்னக் குடும்பம்.

சரிசெய்ய ஆறு வரிதான் பிடித்தது. முதலில் எல்லாப் படங்களின் நீளத்தையும் கூட்டு. அந்த மொத்த நீளத்துக்கு ஒரே ஒரு வரிசையை உண்டாக்கு. ஒவ்வொரு படத்தையும் அதன் இடத்தில் ஒரு தடவை வை. அரை மணி நேர வேலை. அதைச் செய்து முடித்தபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இந்த அரை மணி நேரத்தை ஏழு மாதமாக நான் கொடுக்கவில்லை என்பதுதான் மனதைக் குடைந்தது.

ஸ்கேன்காரரிடம் நோயாளி பெயரையெல்லாம் அழித்துவிட்டு ஒரு முழுத் தலையை அனுப்பச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் அனுப்பினார். போட்டுப் பார்த்தேன். சேர்த்துக் கட்ட ஒரு செகண்டு கூட ஆகவில்லை. போய்ச் சேர ஐந்து செகண்டு. அந்த ஐந்து செகண்டுதான் நிஜமாகவே லைன்.

அவசரத் தலைகள் வந்தபோதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று போனில் கேட்டேன். "மாடியில டியூட்டி டாக்டர் இருப்பாங்க. ஓடிப்போய் கையோட கூட்டிட்டு வந்து திரையிலேயே காட்டிடுவேன்," என்றார். ஏழு மாதத்தில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதில் என் புண்ணியம் ஒன்றுமில்லை, எல்லாம் அவர் ஓடிய ஓட்டம்.

முதலாளியிடம் போனேன். கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி பண்ணியாச்சு இல்ல? புது வெர்ஷன்னு சொல்லி அனுப்பிடும்மா. வேகம் கூட்டியிருக்கோம்னு சொல்லு. தப்பு நம்மளதுன்னு எதுக்கு எழுதணும்?"

"எழுதலைன்னா வெள்ளிக்கிழமை அவரை மாத்திடுவாங்க சார்."

"எழுதினா ஒப்பந்தம் போனாலும் போயிடும்."

"போகலாம் சார். ஆனா நான் எழுதின ஏழு மெயிலை வெச்சுத்தான் அவரைத் தூக்குறாங்க. எட்டாவதையும் நான்தான் எழுதணும்."

நோட்டின் போட்டோவைக் காட்டினேன். அவரும் ஒரு காலத்தில் புரோகிராம் எழுதியவர். நூறு, இருநூறு, நானூறு என்று விரல் வைத்துப் படித்தார். எண்ணூறில் விரல் நின்றது.

"இதை அந்த ஆளே போட்டதா?"

"ஆமா சார். அஞ்சு மாசம் முன்னாடியே வாயாலயும் சொன்னார்."

"நாம ஆறு வருஷமா என் முட்டியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்," என்றார். கடிதத்தை வாங்கினார். நான் அதில், 'எங்கள் மென்பொருளில் இருந்த ஒரு சிறு தவறே தாமதத்துக்குக் காரணம்' என்று எழுதியிருந்தேன். அந்தக் கடைசி நேரத்திலும் என் கை எனக்காகச் சப்பைக்கட்டு கட்டியிருந்தது. முதலாளி பேனாவை எடுத்தார். பூசி மெழுகப்போகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் 'சிறு' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் போய் அதன்கீழ் இரண்டு வரி சேர்த்தேன். 'இதை ஐந்து மாதம் முன்பே கண்டுபிடித்துச் சொன்னவர் உங்கள் ஸ்கேன் ஊழியர். காது கொடுத்துக் கேட்காதவள் நான்.'

வெள்ளிக்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே டயர் கடையில் காற்றுப் பிடிக்கிற சத்தத்துக்கெல்லாம் போன் அடிப்பதாகத் திரும்பிப் பார்த்தேன். மூன்றரை மணிக்கு நிஜமாகவே அடித்தது.

"மேடம், உங்க லெட்டரைச் சத்தமா படிச்சாங்க," என்றார் ஸ்கேன்காரர். "கடைசி ரெண்டு வரியை ரெண்டு தடவை படிச்சாங்க. ஆர்டரை நிறுத்திட்டாங்க. இங்கேயே இருக்கலாம்."

நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். "அக்கா கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இப்பதான் சொல்லிட்டு வரேன். மெஷின்ல படுத்துக்கிட்டே கேட்டுச்சு, யாருடா அந்த மேடம்னு. ஏழு மாசமா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்துச்சு."

"இப்போ?"

"இப்பவும் திட்டுது. கொஞ்சம் கம்மியா."

"திட்டட்டும். நியாயம்தான்," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. "நீங்க அன்னிக்கு நாப்பதுன்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், அந்த மெயில் எல்லாம், நீங்க மாடிக்கு ஓடினது, அக்கா, லைனை வேற தேவையில்லாம மாத்த வெச்சு..." எல்லாம் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. ஏழு மாதத்தில் அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"நாப்பது நாப்பதா சொல்லுங்க மேடம்," என்றார். "மொத்தமா சொன்னா இழுக்கும்."

முதலில் மன்னிப்புக் கேட்டேன்.