காப்புக் கட்டின எட்டு நாள்

தங்கம்மாளின் கையை வெட்டியவன் யாரென்று இன்றுவரை தெரியாது. எதற்காக வெட்டினான் என்பது தெரியும். கழுத்தில் கிடந்த கவரிங் சங்கிலிக்காக. பருத்திக்காட்டிலிருந்து தனியாக வந்தவளை மொபெட்டில் வந்த இரண்டு பேர் மறித்தார்கள். அவள் சங்கிலியை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். அரிவாள் உள்ளங்கைக்குக் குறுக்கே இறங்கியது.

"கவரிங்குன்னு சொல்லியிருந்தா விட்டுட்டுப் போயிருப்பானுகல்ல?" என்று மகள் முருகேஸ்வரி பிறகு கேட்டாள்.

"களவாணிப் பயகிட்டப் போயி அதச் சொல்லச் சொல்றியாக்கும். நமக்குன்னு ஒரு மானம் இல்லையா?"

அது தொண்ணூற்றேழாம் வருஷத்துப் பங்குனி. அன்று சாயங்காலம்தான் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால் எட்டாம் நாள் முளைப்பாரி கரைக்கிற வரைக்கும் உள்ளே இருப்பவர் எல்லை தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தன. உள்ளூர்க் கம்பவுண்டர் நாலு தையல் போட்டு மஞ்சள் துணியால் கட்டிவிட்டார். தங்கம்மாள் அந்தக் கையோடு எட்டு நாளும் சாமி கும்பிட்டாள்.

மதுரையில் டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்த முருகேஸ்வரி எட்டாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். அந்த ஊரில் பி.ஏ. முடித்த முதல் ஆள் அவள். வாய்க்கு அஞ்சாதவள் என்பதிலும் முதல் ஆள். "கை அழுகி விழுந்தாலும் எல்லைக்குள்ளதான் விழணும்னு எந்தச் சாமி சொன்னுச்சு?" என்று கோயில் முன்னாலேயே கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அம்மாவை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். பிறகு மதுரை. நரம்பு அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் விரல் மடங்கும், ஆடி தாண்டினால் செய்தும் பிரயோஜனமில்லை என்றார் தனியார் டாக்டர். அவர் கேட்ட பணத்துக்கு வீட்டை விற்றாலும் காணாது.

குற்றத்தில் காயம்பட்டவர்களுக்கு, குற்றவாளி பிடிபடாவிட்டாலும், அரசாங்கம் நிதி கொடுக்கிறது என்று டுடோரியலில் ஒரு வாத்தியார் சொன்னார். விண்ணப்பம் போட்டாள். இரண்டே மாதத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: 'மூன்று நாட்களுக்குள் புகார் இல்லாததால் தகுதியற்றவர்.'

முருகேஸ்வரி அந்தத் தாளோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பதில் அனுப்பிய ஆபீசில் போய் நின்றாள்.

"ரூலக் காட்டுங்க சார்."

"அது எதுக்கும்மா உனக்கு?" என்றார் கிளார்க்.

"படிக்கத்தான். மூணு வருசம் காலேஜுல படிச்சிருக்கேன், இந்த ஒரு பக்கத்தப் படிச்சிர மாட்டனா?"

அவர் சலித்துக்கொண்டே ஃபைலைத் திருப்பிப் போட்டார். புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. சம்பவம் மூன்று நாட்களுக்குள் காவல்துறையின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதை அவள் வாய்விட்டு வாசித்தபோது, பக்கத்தில் நின்ற தங்கம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்:

"மறுநாளே ஏட்டையாகிட்டச் சொன்னேனே."

"எந்த ஏட்டு?"

"சங்கையா ஏட்டுதான். பந்தோபஸ்துக்கு வந்திருந்தாகல்ல. கையப் புடிச்சுப் பாத்தாக. இப்பக் கேசுன்னு ஆனா திருவிழாவ நிப்பாட்டிருவாக, முடியட்டும், நானே எழுதிக்கிறேன்னாக."

"இத ஏம்மா இத்தன நாளு சொல்லல?"

"நீ கேட்டியா? வந்ததுலருந்து வஞ்சுக்கிட்டுத்தான இருக்க."

ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டதற்கு, சங்கையா ஏட்டு ஒரே போடாகப் போட்டார். "உங்க ஆத்தாளா? நான் பாத்ததே இல்லையே தாயி." அவர் பார்த்ததற்குச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை. அடுத்த வருஷமும் மைக் செட்டுக்கு அவரிடம்தானே அனுமதிக்குப் போக வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு வீடியோ ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அஃப்ரீத், இரண்டாம் நாள் கும்மியிலிருந்து திருவிழா முழுவதையும் படம் பிடித்திருந்தான். ஓடிப் போய்க் கேட்டாள்.

"அந்தக் கேசட்டா? நல்ல நேரத்துல வந்தீகக்கா. நாளைக்குக் காரியாபட்டில ஒரு கல்யாணம், அதுமேலதான் எடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

"புது கேசட்டுல எடுத்தா பொண்ணு கழுத்துல தாலி ஏறாதாக்கும்?"

"நீங்க வையுங்கக்கா, கேட்டுக்கிறேன். முதல்ல உக்காந்து பாருங்க."

ஒரு மணி நேரம் கும்மி. பிறகு கோயில் வேப்பமரம். அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்தபடி பானகம் குடிக்கிற சங்கையா ஏட்டு. அவருக்கு முன்னால் தங்கம்மாள். அவர் டம்ளரைக் கீழே வைக்கிறார், மஞ்சள் துணி கட்டிய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், என்னவோ சொல்கிறார். மைக் செட்டின் பாட்டில் பேச்சு கேட்கவில்லை. ஆனால் திரையின் மூலையில் தேதி எரிந்துகொண்டிருந்தது. வெட்டுப்பட்டதற்கு மறுநாள்.

முருகேஸ்வரி மறுவிசாரணைக்கு எழுதிப் போட்டாள். விசாரணை நாளில் அஃப்ரீத் டிவியையும் டெக்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டான். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். சங்கையா ஏட்டும் விறைப்பாக வந்து நின்றார்.

"இந்த அம்மாவ முன்னப்பின்னப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்கம்மா."

படம் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே வேறு வேலையாக வந்த சனமெல்லாம் கூடி நின்று பார்த்தது. ஏட்டு கையைப் பிடிக்கிற இடத்தில் அதிகாரி நிறுத்தச் சொன்னார். படம் நடுங்கிக்கொண்டே நின்றது. தன்னை டிவியில் அதுவரை பார்த்திராத தங்கம்மாள், "எம்புட்டுக் கறுத்துப் போயிருக்கேன்" என்றாள். ஜன்னலில் சிரிப்பு எழுந்தது.

"இது யாரு கை, ஏட்டு?"

"நெறைய சனம் வந்துச்சுங்கம்மா... ஞாபகம் இல்ல."

"யூனிஃபார்ம்ல பந்தோபஸ்துல இருந்தீங்க. வெட்டுக்காயத்தப் பாத்திருக்கீங்க. காவல்துறை கவனத்துக்கு வர்றதுன்னா இதுக்கு மேல எப்படி வரணும்?"

தாமதம் விண்ணப்பதாரருடையது அல்ல என்று அதிகாரி எழுதினார். பழைய வரியைக் குறுக்கே அடித்து, அதன் கீழே 'தகுதியுடையவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். ஆனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முருகேஸ்வரி அந்த ஒற்றைச் சொல்லை மூன்று தடவை வாசித்தாள். பரீட்சை ரிசல்ட்டைக்கூட அவள் ஒரு தடவைதான் பார்த்தவள்.

வாசலில் ஏட்டு அவர்களை மறித்தார். "தங்கம்மா, நான் உங்க ஊரு நல்லதுக்குத்தான் அப்பச் சொன்னேன். இப்ப எனக்கு மெமோ வரும்."

முருகேஸ்வரி வாயைத் திறந்தாள். தங்கம்மாள் இடது கையால் அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"மெமோவ வாங்கிப் படிச்சுப் பாருங்கய்யா. ஒரு பக்கந்தான இருக்கும். அடுத்த பங்குனிக்கும் நீங்கதான் வருவீக, பானகமும் தருவோம். ஆனா வரையில ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுக்கிட்டு வாங்க."

"ஏம்மா, நீ இப்படியெல்லாம் பேசுவியா?" என்றாள் முருகேஸ்வரி.

"பின்ன, நீ மட்டுந்தான் பேசணுமா? வா, மதுர பஸ்ஸு போயிரும். அந்த டாக்டர்கிட்ட இன்னைக்கே நாள் கேப்போம்."