ஒரு தங்கம், ரெண்டு நம்பர்

நர்ஸம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் ஒண்ணாம் நம்பர், இளையவள் ரெண்டாம் நம்பர். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர்கள் இருந்தன என்பது வாஸ்தவம்தான். ஆனால் நாள் பூராவும் வார்டில் கட்டில் எண்ணைச் சொல்லியே பழகிய வாய்க்கு, வீட்டுக்கு வந்ததும் பெயர் எங்கே வரும்? "ஒண்ணாம் நம்பர் குளிச்சாச்சா? ரெண்டாம் நம்பருக்கு வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள்.

ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கே போய், "எங்க ரெண்டாம் நம்பர் எப்படிப் படிக்கிறா?" என்று விசாரித்துவிட்டாள். டீச்சர் வருகைப் பதிவில் இரண்டாம் எண்ணைத் தேடிப் பார்த்து, "வகுப்பிலேயே அவதாம்மா முதல்" என்று சொல்லியனுப்பினார். அம்மா வாயெல்லாம் பல்லாக வீடு வந்து சேர்ந்தாள். அது வேறொரு பெண்ணின் எண் என்று ரெண்டாம் நம்பர் மூச்சு விடவில்லை. வலிய வந்த சீதேவியை எட்டி உதைக்க அவளுக்கென்ன பைத்தியமா?

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. பள்ளி விட்டு வார்டு வாசலில் காத்திருக்கும்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்கும். "தங்கம், இப்படித் திரும்பிப் படு." "தங்கம், அந்தக் கடிகாரத்தைப் பாரு." பல் போன கிழவரும் தங்கம், பல் முளைக்காத குழந்தையும் தங்கம். பெற்ற பிள்ளைகள் மட்டும் நம்பர்.

"ஊருக்கெல்லாம் தங்கம், எங்களுக்குத் தகரமா?" என்று சண்டைக்கு நின்றிருக்கிறாள்.

"உனக்கெதுக்குடி தங்கம்? குண்டுக்கல்லு மாதிரி நல்லாத்தானே இருக்கே!" என்பாள் அம்மா. பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டி வந்தால் வேறு நர்ஸிடம் தள்ளிவிட்டு நடைபாதைக்கு ஓடிவிடுவாள். ஊரையே குத்தின கை, சொந்தப் பிள்ளையிடம் வராது.

அந்த அம்மாவே வயசாகிக் கடைசியில் அதே வார்டில் நோயாளியாகப் படுத்தாள். ரெண்டாம் நம்பர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தாள். ஒரு மத்தியானம் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தங்கம், கீழே போய்க் கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வாயேன்" என்றாள்.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் தங்கம்! கால் தரையில் பாவாமல் ஃப்ளாஸ்க்கோடு ஓடினாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வெளியூரிலிருந்து மறுநாள் வந்து இறங்கிய அண்ணன், "பக்கத்துலயே இருந்தும் தனியா விட்டுட்டியே!" என்று கேட்டான். அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவன் கேட்டது கூடப் பரவாயில்லை. அதையேதான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இனிப்பு வார்த்தைக்கு வாயைப் பிளந்து அம்மாவை அநாதையாக விட்டவள் என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதியாயிற்று.

மருத்துவமனைக்காரர்கள் ஊழியர்கள் கூடத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். தேநீர், பிஸ்கட், மேஜைமேல் அம்மாவின் படம். அண்ணன் ஒரு மூலை, தங்கை ஒரு மூலை. பேசியவர்கள் எல்லாரும் அம்மாவை "சாந்த சொரூபி" என்றார்கள். மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும், சாந்தமும் சொரூபமும்!

அப்புறம் மலை போல ஒரு லாரி டிரைவர் மைக்கைப் பிடித்தார். பழைய நோயாளியாம்.

"எப்பேர்ப்பட்ட மேட்டுலயும் வண்டியை ஏத்திருவேன். ஊசின்னா மட்டும் உசுரு போயிரும். அந்தம்மா என்னை எப்பவும் 'ஏய் லாரி'ன்னுதான் கூப்பிடுவாங்க. திடீர்னு ஒரு நாள், 'தங்கம், ஜன்னல்ல அது என்ன பறவை?'ன்னாங்க. திரும்பினேன். பறவையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதுக்குள்ள குத்தி முடிச்சுட்டாங்க! அதுல இருந்து தங்கம்னு கேட்டாலே போர்வைக்குள்ள பூந்துக்குவேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. தலைமை நர்ஸ் கண்ணைத் துடைத்தபடி, "எங்களுக்கும் அதுதாங்க அடையாளம். அக்கா தங்கம்னு வாயெடுத்தா, கையில ஊசி இருக்குன்னு அர்த்தம். ஆளை வேற பக்கம் பார்க்க வச்சு, வலி தெரியாம முடிச்சிருவாங்க" என்றார்.

ரெண்டாம் நம்பர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அம்மா வெந்நீரே குடிக்கிற ஆள் இல்லை. எத்தனையோ கட்டில்களில் கடைசி மூச்சைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு, தன் மூச்சு தெரியாமலா இருந்திருக்கும்?

யாரும் கூப்பிடாமலேயே அவள் போய் மைக்கை வாங்கினாள். "எங்கம்மா சாந்த சொரூபியெல்லாம் இல்ல. பச்சை ஏமாத்துக்காரி!" என்றாள். வெந்நீர்க் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். "நான் பார்க்கக் கூடாதுன்னு திட்டம் போட்டுத் துரத்தியிருக்காங்க. நானும் பறவையைப் பார்க்கப் போயிட்டேன்" என்று முடித்தபோது லாரி டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

அவள் இடத்துக்குத் திரும்பினாள். அண்ணன் தன் மூலையை விட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னைக்குக் காலையில எனக்கு போன் பண்ணினாங்க" என்றான். "நான் டிக்கெட் எடுத்துக் கிளம்பி நின்னேன். 'தங்கம், ஒண்ணும் அவசரமில்ல, நாளைக்கு வந்தா போதும்'னாங்க. என்னையும் தங்கம்னுட்டாங்களேன்னு சந்தோஷமா பையைக் கீழ வச்சுட்டேன். என்மேல இருந்த கோபத்தைத்தான் உன்மேல கொட்டிட்டேன்."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஊசி போட்டிருக்காங்க" என்றாள் அவள்.

"தெரியவே இல்லையே."

"இப்பதான் வலிக்குதுண்ணா."

அவன் அவள் தலையில் மெதுவாக ஒரு குட்டு வைத்தான். பிறகு இருவரும், அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளைகள் மாதிரி வாய்விட்டு அழுதார்கள்.