ஊராட்சித் தலைவரின் மூன்று பற்கள்

எய்வின்துர் ஊராட்சித் தலைவரான நாளிலிருந்து, பால் வாங்கப் போனாலும் ரிப்பன் வெட்டப் போவதுபோலத்தான் நடப்பார். அப்படி நிமிர்ந்து நடந்துதான் துறைமுகத்துப் பனியில் குப்புற விழுந்து, மேல்வரிசையில் மூன்று முன்பற்களைப் பறிகொடுத்தார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் பல் டாக்டர் அர்ன்தீஸ், இடைவெளியின் இருபுறப் பற்களையும் ராவி, அவற்றின்மேல் பொய்ப்பற்கள் கோத்த தற்காலிகப் பிரிட்ஜ் ஒன்றை லேசாக ஒட்டினாள். நிரந்தரமானது தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து வர மூன்று வாரமாகும்.

"வெளிய மூச்சு விட்டுடாத, அர்ன்தீஸ். தோரி விருந்து வருது."

"உன் பல்லப் பத்திப் பேசிட்டிருக்க எனக்கு வேற வேலை இல்ல பாரு."

அவருடைய பயம் நியாயமானதுதான். நடுக்குளிரில் ஊரே கூடி ஆட்டுத்தலையும் புளித்த சுறாவும் தின்னும் அந்த விருந்தில், விருந்துக் கமிட்டிக்காரர்கள் நாடகம் போடுவார்கள். அந்த ஆண்டு ஊரில் யார் யார் மானம் போயிற்று என்பதுதான் கதை.

விருந்தன்று எய்வின்துர் உதட்டை இறுக்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாதிரியார் கிழிபட்டார். டிராக்டரைப் பின்னால் எடுத்துக் கொட்டகையை இடித்த எய்வின்துரின் மனைவி சால்வோர் கிழிபட்டாள். கால்நடை டாக்டரின் நாய்க்கு இரண்டு காட்சி. திரை விழுந்தது.

'அப்பாடா' என்று மூச்சு விட்டார்.

"போன வருஷ நாடகத்துலயும் நீ இல்ல, இல்லையா?" என்றாள் சால்வோர். "பாவம்."

சுறாத் தட்டை அப்படியே வைத்தார். நேராக மேடைக்குப் பின்னால் போய், கமிட்டித் தலைவி ஸ்வாவாவைப் பிடித்தார்.

"என்னப் பத்தி ஒண்ணுமே கிடைக்கலையா?"

"யோசிச்சோம். நீ மைக்கப் பிடிச்சாலே ஜனம் காபி குடிக்கக் கிளம்பிடுது. நாடகத்துலயும் கிளம்பிட்டா?"

எய்வின்துர் அக்கம்பக்கம் பார்த்தார். பிரிட்ஜைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இதப் பாரு. குப்புற விழுந்தேன். கையில மீட்டிங் ஃபைல் வேற!" பல் இல்லாமல் பாதிப் பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அட போப்பா!" ஸ்வாவா விரலால் தன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கும் பிரிட்ஜ்தான். இந்த ஹால்ல பாதிப் பேருக்கு அதுதான். விழுந்தத நாலு பேர் பாத்திருந்தா ஒரு காட்சியாவது தேறியிருக்கும்."

திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்தில், கக்கத்தில் ஃபைலோடு, பள்ளிக்கூடச் சரிவில் எய்வின்துர் மூன்று முறை ஏறி இறங்கினார். கால் வழுக்கவே இல்லை. தான் விழுந்த மறுநாளே அவர் போட்ட உத்தரவுப்படி, பனி வழுக்காமலிருக்க ஊர் முழுக்க மணல் தூவியிருந்தார்கள்.