பொடிசு வளர்ந்த வருஷம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததும் டெய்லர் முதலில் அளவெடுப்பது தன் மகளைத்தான். காதில் பென்சில், கழுத்தில் டேப், மேஜையில் நீளமான அளவு நோட்டு. பதினொரு வயதுப் பெண் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையோடு விறைப்பாக வந்து நிற்பாள். தலை உச்சியிலிருந்து டேப்பை இறக்கிப் பார்ப்பார். போன மாதம் எத்தனையோ, இந்த மாதமும் அதே. டெய்லருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

சந்தோஷத்தைப் பாருங்கள்! எட்டு மாதமாகப் பிள்ளை அரை அங்குலம் கூட வளரவில்லை என்றால் வேறு எந்த அப்பனும் டாக்டர் வீட்டுக்கு ஓடியிருப்பான். இவரோ நோட்டை மூடிவிட்டு மகள் கன்னத்தைக் கிள்ளுவார்.

காரணம் ஜிம்னாஸ்டிக்ஸ். கிளப்பில் அவளுக்குப் பெயர் பொடிசு. போன வருஷம் கீழ்ப் பிரிவில் நான்கு மெடல் வாங்கினாள். நான்கும் கடைக் கண்ணாடியின் மேல் தொங்குகின்றன. வருகிற வாடிக்கையாளர்கள் சட்டையைப் போட்டுப் பார்க்கிறார்களோ இல்லையோ, மெடலைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த வருஷம் அவளை நடுப் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

இந்த நடுப் பிரிவு இருக்கிறதே, அது பொல்லாதது. கீழ்ப் பிரிவில் குட்டிக்கரணம் கோணாமல் அடித்தால் மெடல் வந்துவிடும். மேலே போனவர்களுக்கு எல்லாம் பழகியிருக்கும். நடுவில் இருக்கிறவர்களுக்கு வித்தையும் புதிது, பயமும் புதிது. போதாக்குறைக்கு உடம்பு கிடுகிடுவென்று வளரத் தொடங்குவதும் அந்த வயதில்தான். நேற்று வரை சொன்னபடி கேட்ட கையும் காலும் இன்று யாருடையதோ போல ஆகிவிடும். போட்டிப் பருவம் தொடங்கும்போதே கோச் பெற்றோரை உட்காரவைத்து, வளர்கிற பிள்ளைகள் கொஞ்ச நாள் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். டெய்லர் முன்பாதியைக் காதில் வாங்கினார், பின்பாதியை விட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஒரு வருஷம் மட்டும் எம்பொண்ணு வளராம இருந்துட்டா போதும் சார். மெடலெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான்."

விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்? இஸ்திரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பொடிசு அதைக் கேட்டுவிட்டாள். அப்பா ஆசைப்பட்டுக் கேட்டதே இது ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அளவெடுக்கும்போது பாவாடைக்குள் முட்டியை மடக்கி நின்றாள். மத்தியான டப்பாவில் பாதி தோழிக்குப் போனது. வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவாள்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அம்மாவுக்குச் சந்தேகம் தட்டாமல் இல்லை. பிள்ளை இளைத்துப்போகிறாளே என்று இரண்டு முறை கேட்டாள். ஜிம்னாஸ்ட் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று டெய்லர் அடித்துச் சொன்னார். ஊருக்கெல்லாம் சத்து மாத்திரை எடுத்துக்கொடுக்கிறவள், புருஷன் பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிட்டாள்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. கிளப்பில் எல்லாப் பெண்களுக்கும் ஆட்ட உடை தைப்பது இவர்தான். உயரக் கம்பி, தாழ்ந்த கம்பி என்று இரண்டு கம்பிகளில் மாறி மாறி ஆட வேண்டும் அல்லவா, அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பது ஆடுகிறவளின் உயரத்தைப் பொறுத்தது. டெய்லர் நோட்டை விடத் துல்லியம் ஏது என்று கோச் அதிலிருந்தே உயரங்களை எடுத்துக்கொண்டாள். பொடிசுக்கும் பழைய உயரத்துக்கே கம்பி நின்றது. மேல் கம்பியில் அவள் வீசி வரும்போதெல்லாம் கால் கீழ்க் கம்பியை உரசும். இடிக்குமோ என்று காலை மடக்குவாள். மடக்கினால் மார்க் போச்சு. கோச் திட்டுவாள். வீட்டுக்கு வந்தால் டெய்லர் போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி மறுபடியும் திட்டுவார். அந்தப் பிள்ளை யாரிடம் போய் முட்டிக்கொள்ளும்?

பருவத்தின் இரண்டாவது போட்டிக்கு, உயரம்தான் மாறவில்லையே என்று நோட்டிலிருந்த பழைய அளவுப்படியே நீல நிறத்தில் புது உடை தைத்துக் கொடுத்தார். போடும்போதே தோளைப் பிடித்தது. பொடிசு வாய் திறக்கவில்லை. மேல் கம்பியில் வீசி வந்தபோது கையை முழுக்க நீட்ட முடியவில்லை. கால் மடங்கத் தாமதமானது. கணுக்கால் கீழ்க் கம்பியில் இடித்து, பிடி விட்டு, மெத்தையில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் அக்குளில் உடை கிழிந்தது. எழுந்து, கிழிசலை ஒரு கையால் மூடிக்கொண்டு, மற்றொரு கையை மட்டும் உயர்த்தி நடுவர்களுக்கு வணக்கம் சொன்னாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கணுக்காலில் பெரிய அடி இல்லை, வீக்கம் மட்டும்தான். டெய்லருக்கு வேறு ஒன்று உறுத்தியது. பதினெட்டு வருஷத்தில் அவர் தைத்த எதுவும் இப்படிக் கிழிந்ததில்லை. மறுநாள் மத்தியானம் அந்த உடையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நூல் சரி, தையலும் சரி. துணிதான் இழுபட்டுக் கிழிந்திருந்தது. அப்படியானால் அளவு தப்பு. அவர் டேப் தப்பு சொல்லுமா?

பள்ளி விட்டுப் பாவாடைக்கு மாறி வந்தவளைக் கூப்பிட்டார். அவள் நடந்து வரும்போது பாவாடை கணுக்காலுக்கு மேல் நாலு விரல் ஏறியிருந்தது. டேப்பை எடுத்ததும், அதே பாவாடை இறங்கிக் கணுக்காலை மூடியது. எத்தனையோ பேருக்குத் தைத்த கண். அதற்கு இது தப்புமா?

"முட்டிய மடக்காம நில்லும்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மெல்ல நிமிர்ந்தாள். டேப் இரண்டேகால் அங்குலம் கூடுதலாகக் காட்டியது.

"நோட்டுல எழுதாதீங்கப்பா," என்றாள். "நான் இன்னும் கொஞ்சம் கம்மியா சாப்பிடுறேன். இந்த வருஷம் மட்டும் வளராம இருந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

டெய்லருக்குத் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. தான் பெற்ற பிள்ளை தன் பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்திருக்கிறது, தான் அதைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதேவிட்டார். அப்பா அழுவதைப் பார்த்திராத பொடிசு, அவர் கழுத்து டேப்பாலேயே அவர் கண்ணைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலமே கோச்சிடம் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது, பாதி அவர்மேல், பாதி தன்மேல். நோட்டைப் பார்த்தேனே தவிரப் பிள்ளையைப் பார்க்கவில்லையே என்று சொல்லிக்கொண்டே கம்பித் திருகைச் சுழற்றி இடைவெளியைக் கூட்டினாள். ஒரு நிமிஷ வேலை! பொடிசு வீசிப் பார்த்தாள். கால் எதிலும் படவில்லை. வீட்டில் அம்மா, அப்பனையும் மகளையும் சேர்த்து ஒரு வாரத்துக்குத் திட்டினாள். தட்டு காலியாகும் வரை மகள் பக்கத்தை விட்டு நகரவே மாட்டாள்.

கடைசிப் போட்டியில் மெடல் கிடைக்கவில்லை. ஒன்பதாவது இடம். ஆனால் கால் மடங்கவில்லை, முடித்ததும் இரண்டு கையும் காதை ஒட்டி உயர்ந்தன. ஓடி வந்தவளிடம் டெய்லர் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. பசிக்கிறதா என்றுதான் கேட்டார். யானைப் பசி என்றாள்.

அடுத்த பருவத்துக்கு உடை தைக்க ஒருவர் தன் மகளோடு வந்தார். அவளையும் நடுப் பிரிவுக்கு ஏற்றியிருக்கிறார்களாம். கொஞ்சம் இறுக்கமாகவே தைக்கச் சொன்னார். இந்த வருஷம் வளரக் கூடாது என்று பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

டெய்லர் சிரிக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நானும் இப்படித்தான் சொன்னேன் சார். எம்பொண்ணு எட்டு மாசம் அரை வயிறா கெடந்தா. துணி பத்தலன்னா வேற துணி வெட்டிக்கலாம், கம்பி பத்தலன்னா தள்ளி வச்சுக்கலாம். நம்ம ஆசைக்குப் பத்தலன்னு பிள்ளைய வெட்டக் கூடாது. வெட்டுறதா இருந்தா ஆசையத்தான் வெட்டணும்."

வந்தவர் சிரிப்பு அடங்கி, தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து பொடிசு எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நிமிந்து நில்லு," என்றாள். "எங்கப்பா இப்ப முட்டியத்தான் மொதல்ல பாப்பாரு."