இருபத்துமூன்றாம் எண் சட்டை

எண்பத்தாறாவது நிமிடத்தில் நடுவர் எங்கள் ஆட்டக்காரன் மால்டே ப்ரூக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பந்து கோட்டைத் தாண்டியதா? மால்டே யோசிக்கவே இல்லை. "தாண்டுச்சு" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லில் எங்கள் லோர்பெக் கால்பந்து அணி மூன்றாம் லீகிலிருந்து நான்காம் லீகுக்கு இறங்கியது.

சீசனின் கடைசி ஆட்டம் அது. டிரா செய்தாலே போதும், தப்பித்துவிடலாம். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே வந்தது; ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போது எதிரணிக்காரன் தலையால் முட்டிய பந்து கோல்கீப்பரின் கையில் பட்டு நழுவி, கோலை நோக்கி மெதுவாக உருண்டது. தடுப்பு வரிசையில் இடது பக்கம் ஆடும் மால்டே விழுந்து சறுக்கிப்போய் அதைக் காலால் வெளியே தள்ளினான். அவர்கள் கோல் என்றார்கள், நம் ஆட்கள் இல்லவே இல்லை என்றார்கள். கோட்டோரத்துத் துணை நடுவரோ தனக்கு ஆள் மறைத்துவிட்டது என்று கையை விரித்தார். பெரிய லீகில் என்றால் கேமரா சொல்லிவிடும். நம்முடைய லீகில் அந்தக் கொடுப்பினை இல்லை. சரியாகப் பார்த்தவன் ஒருவன்தான், புல்லில் கன்னம் ஒட்டக் கிடந்த மால்டே. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே அவனுக்குப் பச்சைப் புல் தெரிந்தது.

அவன் பெரிய உத்தமன், அதனால்தான் சொன்னான் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அதெல்லாம் சும்மா. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு நடுவரே கிடையாது. பந்து வெளியே போனதா, கையில் பட்டதா, எல்லாவற்றையும் பிள்ளைகளேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். பெற்றவர்கள் மூக்கை நுழைக்காமல் இருக்க, பதினைந்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி அதற்குப் பின்னால் நிற்க வைப்பார்கள். மால்டேயின் அம்மாவுக்குச் சனிக்கிழமை காலையில் பேக்கரியில் வேலை. அதனால் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் அவனுக்காக நின்றது பதினான்கு வயது மூத்த அண்ணன் ஹைக்கோ. நாலு வருடம் அப்படி ஆடியவனுக்குக் கேள்வி காதில் விழுந்தாலே பதில் வாய்க்கு வந்துவிடும். சொல்லி முடித்த பிறகுதான் தனக்கு இருபது வயது ஆகிவிட்டது என்பதும், இது சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டம் என்பதும் மால்டேக்கு உறைத்தது. எதிரணித் தலைவன் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனான். அது அறைந்ததைவிட வலித்தது.

அணி இறங்கினால் அவனுடைய ஒப்பந்தம் செல்லாது. பத்து வயதில் கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்து, முழங்கால் அறுவை ஒன்றைத் தாண்டி, எட்டிப் பிடித்த பிழைப்பு ஜூன் மாதத்தோடு முடிகிறது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் கடைசி விசில் ஊதியபோது அவன் நினைத்தது அதை அல்ல. ரசிகர்கள் நின்று பார்க்கும் மேற்கு மேடையின் வேலி மேல் ஹைக்கோ நின்றுகொண்டிருந்தான். இனி அவன் தன்னைத் தம்பி என்று சொல்வானா என்பதுதான் மால்டேயின் பயம்.

ஹைக்கோ மற்ற நாளில் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமையில் மேற்கு மேடைக்கே ராஜா. வேலியில் கட்டிய பலகையில் ஏறி நின்று, ஒலிபெருக்கியைப் பிடித்து மூவாயிரம் பேரைப் பாட வைப்பவன். கல்யாணத் தேதியைக்கூட ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் குறித்தான். ஆனால் அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. முகம் கூட்டத்தைப் பார்க்க வேண்டும், முதுகு மைதானத்துக்கு. பதினோரு வருடமாகச் சொந்த மைதானத்தில் விழுந்த ஒரு கோலையும் அவன் கண்ணால் பார்த்ததில்லை. தம்பி முதல் அணிக்கு வந்து இரண்டு வருடமாகிறது, அவன் இங்கே ஆடியதையும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, நேற்று எப்படி ஆடினாய் என்று மால்டேயிடமே கேட்டுத் தெரிந்துகொள்வான்.

ஜெயித்த நாளில் ஆட்டக்காரர்கள் மேற்கு மேடைக்கு முன்னால் போய்க் கைகோத்துக் குதிப்பார்கள். லீகிலிருந்து இறங்கிய நாளில் சட்டையைக் கழற்றி வேலியடியில் வைத்துவிட்டு வர வேண்டும். இதைப் போட்டுக்கொள்ள உங்களுக்குத் தகுதி இல்லை என்பது அதன் அர்த்தம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி இல்லை. ஆனால் வைக்காமல் ஓடிப்போனவன் அப்புறம் இந்த ஊரில் ரொட்டி வாங்கக்கூட வெளியே வர முடியாது.

அணித் தலைவன் டோர்பென் மால்டேயின் முகத்தைப் பார்க்காமலே பேசினான். "நீ உள்ள போயிடு. போலீஸ் வழி விட்டு வச்சிருக்கு. நாங்க பாத்துக்கறோம்."

"இல்ல. வர்றேன்" என்றான் மால்டே.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஹைக்கோ மைதானத்தின் பக்கம் திரும்பி நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். முதலில் டோர்பென் வைத்தான். பிறகு கோல்கீப்பர், பிறகு மற்றவர்கள். பச்சையும் வெள்ளையுமாக ஈரத்தில் ஒரு குவியல் சேர்ந்தது. கடைசியில் மால்டே மட்டும் மிஞ்சினான். துரோகி என்று ஒரு குரல் வந்தது, அதைவிட மோசமாக இன்னும் பல வந்தன. ஒரு பீர் கோப்பை அவனுடைய காலடியில் விழுந்து தெறித்தது. ஹைக்கோ கையைத் தூக்கினான். மூவாயிரம் பேரும் அடங்கினார்கள். அவன் ஒலிபெருக்கியைப் பலகையில் வைத்துவிட்டுக் குனிந்தான்.

"நான் பாக்கல. உனக்கே தெரியும். தாண்டுச்சா?"

"தாண்டுச்சு."

"முழுசா?"

"முழுசா. நடுவுல புல்லு தெரிஞ்சுது, ஹைக்கோ."

"எவ்ளோ?"

மால்டே இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினான். ஒரு பீர் மூடி அகலம் இருக்கும். ஹைக்கோ அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. அப்பாவின் சாவுக்குக்கூட அழாதவன் அவன்.

"நானா இருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன் பொடியா" என்றான், மால்டேக்கு மட்டும் கேட்கும்படி. "யோசிச்சிருக்கக்கூட மாட்டேன்."

பிறகு நிமிர்ந்தான். "கழட்டு."

தன்னை மட்டும் விட்டுவிடுவான் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் மால்டே நம்பிக்கொண்டுதான் வந்திருந்தான். ஈரச் சட்டை தலையில் சிக்கிக்கொள்ள, இழுத்துக் கழற்றினான். குளிரில் உடம்பு வெடவெடக்கக் குவியலை நோக்கிக் குனிந்தான்.

"கீழ வைக்காத" என்றான் ஹைக்கோ. "இங்க குடு."

வேலிக்கு மேலாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டான். தன்னுடைய கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்றித் தம்பியிடம் போட்டான். மேடையில் வேறு யாரும் தொடத் துணியாத ஜாக்கெட் அது. பிறகு அந்த ஈரச் சட்டைக்குள் தலையை நுழைத்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் தொந்திக்கு அது பற்றவில்லை. தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவன் எப்போதும்போலக் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றான்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் மால்டே பார்த்த முதுகு அது. இன்றுதான் அதில் எழுத்து இருந்தது. ப்ரூக்கர், கீழே இருபத்துமூன்று.

கூட்டத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கொதித்தது. கீழே நின்ற மேளக்காரன் ரோல்ஃப், ஹைக்கோவின் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், அவனுடைய கால்சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எறங்குடா. இதுக்கு அப்புறம் உன்ன மேல விடமாட்டாங்க."

"தெரியும்" என்றான் ஹைக்கோ.

முதல் கோப்பை அவன் தலைக்கு மேலே பறந்தது. இரண்டாவது நெஞ்சில் பட்டது. உள்ளே போகலாம் என்று டோர்பென் மால்டேயின் கையைப் பிடித்து இழுத்தான். மால்டே கையை உதறிக்கொண்டு, முழங்கால் வரை தொங்கும் ஜாக்கெட்டோடு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஹைக்கோ ஒலிபெருக்கியை எடுத்தான். குரலை உயர்த்தவில்லை.

"அந்தச் சின்னப் பையன் பேரும் என் பேரும் ஒண்ணுதான். எறியறவன் இங்க எறி."

எறிந்தார்கள். அவன் இறங்கவில்லை.